பத்துப் பல்லும் ஓர் உப்புக் காப்பியும்

அந்தாலியா விமான நிலையத்துக்கும் பல் மருத்துவமனைக்கும் இடையே வேன் ஓட்டுவது இல்ஹானின் வேலை. வரும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏறுகிற வெள்ளைக்காரர்கள், ஆறாம் நாள் திரும்பிப் போகும்போது வண்டிக் கண்ணாடி, ஜன்னல், செல்போன் திரை, டீக்கரண்டி என்று பளபளக்கிற எதைக் கண்டாலும் அதில் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். பதினோரு வருடங்களில் ஏழாயிரம் சிரிப்புகளையாவது அவன் விமானம் ஏற்றியிருப்பான். அவனுடைய சிரிப்பை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

அவன் பிறந்த இஸ்பார்தா ரோஜாவுக்குப் பேர்போன ஊர். அவன் தெருத் தண்ணீர் ரோஜாவுக்கு ஒத்துக்கொண்ட மாதிரி பல்லுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில், மேசைவிரிப்பில் டீ கொட்டிய மாதிரி பழுப்புத் திட்டுகள் விழும். என்ன தேய்த்தாலும் போகாது. இல்ஹான் பதின்மூன்று வயதில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றான். பிறகு வாயை மூடிக்கொண்டே பேசவும் கற்றான். முப்பத்து நான்கு வயதில் அதில் வகுப்பெடுக்கிற அளவுக்குத் தேறியிருந்தான்.

இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாமல்தான் இருந்தது. அப்புறம் நெஸ்ரினின் அப்பா குறுக்கே வந்தார்.

நெஸ்ரின் அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பல் செய்கிற கூடத்தில் வேலை செய்பவள். இரண்டு வருடமாக இல்ஹானும் அவளும் காதலித்தார்கள். அவளுடைய அப்பா ரெம்ஸி, முப்பது வருடம் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைத்து ஓய்வு பெற்றவர். அவர் கையால் ஃபெயிலாகாத ஓட்டுநர் அந்தாலியாவில் அபூர்வம். இல்ஹானை இரண்டு தடவை ஃபெயிலாக்கியிருக்கிறார். மகள் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பையன டீக்கடைல ரெண்டு வாட்டி பாத்தேன். வாயத் தொறக்காமயே பேசுறான். பல்லு தெரியாம சிரிக்கிறவன் எதையோ ஒளிக்கிறான்னு அர்த்தம். அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொண்ணு கேட்டு வரச் சொல்லு. வாயத் தொறந்து சிரிச்சான்னா மேல பேசலாம். இல்லேன்னா காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

இல்ஹான் மறுநாளே மாடி ஏறி டாக்டர் முன் உட்கார்ந்தான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில். டாக்டர் விளக்கை இழுத்து உள்ளே பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா இதையா வெச்சிக்கிட்டு வண்டி ஓட்டின?" என்றார்.

"வண்டிய கையாலதான ஓட்டுறேன், டாக்டர்."

"முன்பக்கம் மெல்லிசாத் தகடு ஒட்டுற வேலை உனக்குச் சரிப்படாது. உள்ள இருக்கிற பழுப்பு எட்டிப் பாக்கும். சிரிக்கிறப்போ தெரியிற மேல் பல்லு பத்தையும் சுத்தித் தேச்சு, ஸிர்கோனியம் தொப்பி போட்ருவோம். திங்கக்கிழமை தேய்க்கிறேன், சனிக்கிழமை மாட்டிருவேன். ஞாயித்துக்கிழமை நீ மாப்பிள்ள."

திங்களன்று தேய்த்தார். கண்ணாடியைக் கொடுத்தார். இல்ஹான் பார்த்தான். பழுப்பு போயிருந்தது. பல்லும் போயிருந்தது. ஈறிலிருந்து பத்துப் பென்சில் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதன் மேல் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல்வரிசையை ஒட்டிவிட்டு டாக்டர் விரலை ஆட்டினார். "இது வெறும் தற்காலிகப் பசை. சனிக்கிழமை வரைக்கும் சூடு ஆகாது. கடிக்கிறது ஆகாது. காப்பி வாசனைகூடப் பிடிக்காத."

வியாழனன்று வேலை முடிந்து கீழே இறங்கினான். இதுவரை வாசலோடு நின்றவன். உள்ளே போக அனுமதி கிடையாது. அன்று நெஸ்ரின் தலைக்கு ஒரு வலைத்தொப்பி மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப் போனாள்.

மேசை மேல் அவனுடைய வாய் இருந்தது. சாந்தில் வார்த்த வாய். பத்து முனைகளும், வலது கடைவாயில் அவனுக்கே மறந்துபோன ஒரு ஓட்டையும் அதில் இருந்தன. பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டு, பாலாடைக்கட்டி மாதிரி. இயந்திரம் அதைக் கடைந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து பற்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"தொட்டுப் பாரு. மெதுவா."

தொட்டான். சுண்ணாம்புக்கட்டி மாதிரி விரலில் மாவு ஒட்டியது.

"இது பெருசா இருக்கே. குதிரைக்கா?"

"உனக்குத்தான். நாலு பங்கு இருக்க வேண்டியது அஞ்சு பங்கா இருக்கு. ராத்திரி உலைல வெப்போம். ஆயிரத்து ஐநூறு டிகிரி. சுருங்கும். கல்லு மாதிரி ஆயிரும். சுருங்கி சுருங்கி, சரியா உன் அளவு வந்ததும் நின்னுரும்."

"எங்க நிக்கணும்னு அதுக்கு யாரு சொல்றது?"

நெஸ்ரின் சிரித்தாள். "வட்டு மேல ஒரு எண் இருக்கும். எவ்வளவு சுருங்கும்னு. அத இயந்திரத்துல அடிச்சிட்டா, அதுக்கேத்த மாதிரி பெருசாக் கடையும். மீதிய நெருப்பு பாத்துக்கும்."

இல்ஹான் உலைக் கதவைப் பார்த்தான். அவன் தெரிந்துவைத்திருந்த நெருப்பு, கொடுத்ததைக் கரியாக்கி ஆட்டிறைச்சி வாசனையோடு திருப்பித் தருகிற நெருப்பு. இது வேறு. உள்ளே போகிற சுண்ணாம்பு, ஒருத்தனின் வாயை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வருகிறது. ஏழாயிரம் பேருக்கு இது நடந்திருக்கிறது. அவர்களை ஏற்றி இறக்கியபோது சூட்கேஸின் எடையைத் தவிர அவன் எதையும் கவனித்ததில்லை.

நெஸ்ரின் வேறொருவரின் பல்லை எடுத்து, மூன்றே மயிர் கொண்ட தூரிகையால் அதன் விளிம்பில் ஏதோ தீட்டினாள். சாம்பல் கலந்த நீலம். பல்லுக்கு யாராவது நீலம் பூசுவார்களா என்று நினைப்பதற்குள் அதை விளக்குக்கு நேரே பிடித்தாள். விளிம்பு காணாமல் போனது. வெளிச்சம் அதற்குள் புகுந்து, கொஞ்ச நேரம் தங்கி, வெளியே வந்தது.

"எனக்கு அந்த வெள்ள போடு," என்றான் மெல்ல. "வெளிநாட்டுக்காரங்க கேக்குற வெள்ள. பீங்கான் தொட்டி மாதிரி."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"உன் கண்ணோட வெள்ளைய விட பல்லு வெள்ளையா இருந்தா, ரூமுக்குள்ள முதல்ல பல்லு வரும். அப்புறம் நீ வருவ. எங்கப்பா எனக்கு உன்னக் குடுக்கணும், பல்லக் குடுத்தா நான் என்ன பண்றது?"

சனிக்கிழமை காலை அவள் ஃபோன் செய்தாள்.

பற்கள் உலையிலிருந்து வந்துவிட்டன. அழகாகவும் வந்தன. ஆனால் சாந்து வாயில் உட்காரவில்லை. ஒரு முடி அளவு சின்னது. வியாழன் காலை திறந்தது புது வட்டுப் பெட்டி. அதன் எண் வேறு. நெஸ்ரின் பழைய எண்ணை அடித்திருந்தாள். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் செய்யாத தப்பு. அன்று அவள் தலைக்குள் எண் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கான பாவாடை நிறம் இருந்தது.

"திரும்பக் கடைஞ்சு, சுட்டு, தீட்டி, திங்கக்கிழமதான் ஆகும். என்ன மன்னிச்சிரு."

"நாள மாத்திருவோமா?"

"அப்பாகிட்டயா? தேர்வு தேதிய மாத்தினவன அவர் என்ன செய்வாருன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். இரண்டாவது ஃபெயில் அதற்காகத்தான்.

"பரவால்ல. இந்தப் பிளாஸ்டிக்க வெச்சே சிரிச்சிர்றேன். வெள்ளையாத்தான இருக்கு?"

"காப்பி?"

அதை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி, பெண் கேட்கப் போனால் பெண்ணே காப்பி போட்டுக் கொண்டுவருவாள். மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவன் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டும். பசை உப்புக்குத் தாங்கலாம். கொதிக்கிற காப்பிக்குத் தாங்காது.

"நான் ஆறவெச்சு, சர்க்கரை போட்டுக் கொண்டாறேன்," என்றாள் நெஸ்ரின். "நீ உப்புப் போட்ட மாதிரி நடி."

ஞாயிறு மாலை இல்ஹான், அக்கா முஸெய்யெனுடன் போய் இறங்கினான். அம்மா அப்பா இல்லாததால் அக்காதான் பேச வேண்டியவள். அவள் ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் சாக்லேட் பெட்டி. படியேறும்போது அக்கா காதோரம் சொன்னாள்: "டேய், உள்ள போனதும் சிரி. ரொம்ப சிரிக்காத, லூசுன்னு நெனைப்பாங்க."

ரெம்ஸி எதிர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார், கையில் மதிப்பெண் அட்டை இல்லாததுதான் குறை. "வண்டிய எங்க நிறுத்தின?"

"கோட்டுக்குள்ளதான் ஐயா."

"ம்."

இல்ஹான் சிரித்தான். பதின்மூன்று வயதுக்குப் பிறகு வேறொருவர் முன்னால் வாய் திறந்து சிரிப்பது இதுதான் முதல் தடவை. கன்னத்துக்கு வழி தெரியவில்லை. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் நின்றது. ரெம்ஸியின் புருவம் கொஞ்சம் தளர்ந்தது. இல்ஹானுக்கு இரண்டு நிமிடம் உலகமே வசப்பட்டது.

சமையலறையில் மட்டும் நிலைமை கைமீறிப் போயிருந்தது. நெஸ்ரினின் அத்தை அங்கே காவல் நின்றாள். "ஆறவெக்கிறியா? சர்க்கரையா? என்னடி இது, நான் உங்க மாமாவுக்கு நாலு கரண்டி உப்பு போட்டேன், மிளகுத்தூள் தனி. நகரு." கோப்பையை அவளே நிரப்பி, நுரை பொங்கப் பொங்க, தட்டைத் தூக்கி நெஸ்ரின் கையில் திணித்தாள்.

கோப்பையை நீட்டும்போது நெஸ்ரினின் கண் சொல்லிவிட்டது. இல்ஹானுக்குப் புரிந்தது. வாங்கினான்.

முதல் மடக்கு உள்ளே போனதும் பத்து முனைகளும் ஒரே நேரத்தில் மணி அடித்தன. தாடையிலிருந்து உச்சிக்கு ஒரு டிராம் ஓடியது. முகம் அசையவில்லை. முகத்தை அசையாமல் வைப்பதில்தான் அவனுக்கு இருபத்தொரு வருட அனுபவம் இருந்ததே. இரண்டாவது மடக்கு. மூன்றாவது. அக்கா பேச ஆரம்பித்திருந்தாள்: "அல்லாவோட ஆணைப்படி, நபியோட வாக்குப்படி, உங்க பொண்ண எங்க தம்பிக்குக் கேட்டு வந்திருக்கோம்..." கடைசி மடக்கில் மேல் வரிசை முழுவதும் சத்தமில்லாமல் கழன்று நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

இல்ஹான் வாயை மூடிக்கொண்டான். பழகிய இடம்.

"பொறுமைசாலிதான்," என்றார் ரெம்ஸி. "சரி தம்பி. என் பொண்ண எப்பிடி வெச்சிக்குவ? உன் வாயாலயே சொல்லு."

எல்லோரும் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டே பேச அவனுக்குத் தெரியும். ஆனால் வாய் நிறையப் பல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

"பாத்தியா," ரெம்ஸி மகளிடம் திரும்பினார். "மறுபடியும் மூடிட்டான். நான் சொன்னேன்ல?"

நெஸ்ரினின் முகம் வெளுத்ததை இல்ஹான் பார்த்தான். ஒரு கணம்தான் யோசித்தான். பிறகு உள்ளங்கையை நீட்டி, பல்வரிசையை அதில் துப்பிவிட்டு, ரெம்ஸியைப் பார்த்து வாயை நன்றாகத் திறந்தான். பத்துப் பென்சில் முனைகளும் தெரிய.

"இவ்வளவுதான் ஐயா," என்றான். காற்று எல்லாப் பக்கமும் கசிந்தது. "இதுக்கு முன்னாடி பழுப்பா இருந்துச்சு. அதத்தான் ஒளிச்சேன். வேற ஒண்ணுமில்ல."

அத்தை, "அல்லா!" என்று தலைத்துணியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பூங்கொத்துக்குப் பின்னால் முகத்தை ஒளித்தாள்.

நெஸ்ரின் தட்டை வைத்தாள். உள்ளே போய்க் கையைக் கழுவி, எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பையில் போட்டுவைத்திருந்த சின்னப் பசைக் குழாயோடு வந்தாள். அவன் முன்னால் கம்பளத்தில் மண்டியிட்டாள்.

"நான் வாய்க்குள்ள கை வெக்கக் கூடாது," என்றாள் மெதுவாக. "எங்க வேலை சாந்து வாயிலதான்."

"வெய்யி."

அவன் உள்ளங்கையிலிருந்து பல்வரிசையை எடுத்தாள். அந்த வாயின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் ஒரு வாரமாக அவள் விரலுக்குத் தெரியும். அதைத் துடைத்தாள், முனைகளைக் கைக்குட்டையால் ஒற்றி உலர்த்தினாள், பத்துக் குழிகளிலும் எறும்புத் தலையளவு பசை வைத்தாள். கண்ணால் தேடாமலேயே தூக்கி வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. க்ளிக் என்று உட்கார்ந்தது. மடித்த கைக்குட்டையை இடையில் கொடுத்தாள். "கடி. அஞ்சு நிமிஷம். பேசாத, அசையாத."

ஒரு மனிதனின் முகம் அவர்கள் கண் முன்னே இடிந்து, திரும்ப எழுந்து நின்றிருந்தது. ரெம்ஸி எழுந்தார். வண்டியின் பானெட்டுக்குள் குனிகிற மாதிரி இல்ஹானின் வாய்க்கு அருகே குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"எங்க ஒட்டியிருக்குன்னே தெரியலியே... நீதான் இதெல்லாம் பண்றியா?"

"இது பிளாஸ்டிக்ப்பா. நாளைக்குப் போடப்போறதுதான் நான் பண்ணது."

"இத விட நல்லாருக்குமா அது?"

"வெளிச்சம் உள்ள போயிட்டு வரும்ப்பா."

ரெம்ஸி மகளின் கையைப் பிடித்து, கட்டைவிரலைப் புரட்டிப் பார்த்தார். சாதாரண விரல்தான், நகத்தோரம் கொஞ்சம் மாவு. அதையே வெகுநேரம் பார்த்தார். ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிற அந்தக் கை, அவருக்குத் தட்டில் சாப்பாடு வைக்கிற கையாக மட்டுமே தெரிந்திருந்தது.

"முப்பது வருஷத்துல," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல், "தப்ப மறைக்காம இப்பிடித் தொறந்து காட்டினவன் ஒருத்தனும் என் முன்னாடி உக்காந்ததில்ல." பிறகு தொண்டையைச் செருமினார். "குடுத்தேன். பொண்ணக் குடுத்தேன். போ."

இல்ஹான் எழப் பார்த்தான். கையை முத்தமிட வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும். நெஸ்ரின் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

அவன் கைக்குட்டையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து வழிந்தது வழிந்துகொண்டிருந்தது. அக்கா, அத்தை, ரெம்ஸி எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தொழுகையில் நிற்பவர்கள் மாதிரி சத்தமில்லாமல் நின்றார்கள்.