சாண்ட்ரோவுக்கு வந்த கோல்

என்ரை மனுசனைக் கெட்டவர் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. பேரின்பநாதன் எண்டால் கனடாவில இந்த மொன்ட்ரியால்-நோரில கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் உதவி செய்யிற ஆள். அந்த உதவிதான் மேல்வீட்டுச் சாண்ட்ரோவை இப்பிடி ஆக்கிவிட்டிருக்கு. நான் மட்டும் என்ன திறமோ? வாயில கொழுக்கட்டை வைச்ச மாதிரிப் பக்கத்தில நிண்டனான்.

சாண்ட்ரோ இத்தாலிக்காரன். தானே பாட்டெழுதி, தானே கிற்றார் அடிச்சுப் பாடுறவன். எல்லாம் ரொக் பாட்டு. முதல்ல எனக்குத் தகரக்கூரையில கல் விழுற மாதிரித்தான் இருந்தது. பேந்து பாத்தால், கறி கிண்டேக்க என்ரை வாயே அதை முணுமுணுக்குது. தன்ரை நாட்டில ஒரு கசெற் போட்டு, அது எடுபடாமல்தான் இஞ்ச வந்தவன். இஞ்சத்தை இத்தாலிக் கிழவர்மார் கலியாணத்துக்குப் பழைய பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்பினம், மாட்டன் எண்டுவான். விசரா, போய்ப் பாடன் எண்டு நானும் ஏசிப் பாத்தன். என்ரை பாட்டைத்தான் பாடுவன் அக்கா எண்டான். எங்கடை கதை எல்லாம் உடைஞ்ச பிரெஞ்சு. 'அக்கா' மட்டும் என்ரை மகள் பிரஷாந்தினி பழக்கிவிட்டது.

அப்பிடிப் பிடிவாதமா இருந்தவனுக்குப் போன மாசிமாதம் நகரத்துக்குள்ள பெரிய மண்டபத்தில பாட இடம் கிடைச்சுது. ரெக்கோட் கொம்பனிக்காரர் பாக்க வருகினம் எண்டு பெடியன் சாப்பிடாமல் திரிஞ்சான்.

அண்டைக்கு மத்தியானம் எங்கடை வீட்டு ரெலிபோன் அடிச்சுது. அவனிட்டை ரெலிபோன் இல்லை, எங்கடை நம்பரைத்தான் தாய்வீட்டுக்குக் குடுத்திருந்தவன். கதைச்சது அவன்ரை தமக்கை. பெல்ஜியத்தில வேலை செய்தவவாம், பிரெஞ்சு நல்லா வரும். அம்மாவுக்குக் கடைசி நேரம், அவன்ரை குரலைக் கேக்க வேணுமாம், ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டா. நான் ரிசீவரை மேசையில வைச்சிட்டுப் படிக்கு ஓடினன்.

வாசல்ல இவர் மறிச்சார். இப்ப சொன்னால் பெடியன் பாடமாட்டான், பாடி முடிச்சிட்டு வரட்டும் எண்டார். எங்கடை ஆக்கள் சோதினை எழுதப்போற பிள்ளைக்குச் செத்தவீடு சொல்லுறதில்லைத்தானே, அப்பிடித்தான் இதுவும் எண்டார். எனக்கும் முந்தி இப்பிடித்தான் செய்தவை. பிரஷாந்தினி வயித்தில இருக்கேக்க என்னைப் பெத்த ஐயா செத்ததை, பிள்ளை பிறந்தாப்பிறகுதான் சொன்னவை. அண்டைக்கு நான் கத்தின கத்து ஆசுப்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். அப்பிடிக் கத்தின நான், திரும்பிப் போய் அவன் வீட்டில இல்லை எண்டு சொல்லிப்போட்டு ரெலிபோனை வைச்சன்.

அடுத்தநாள் காலமை அவன் துள்ளிக்கொண்டு வந்தான். கொம்பனிக்காரருக்குப் பிடிச்சிட்டுதாம், ரெக்கோட் போடப்போகினமாம். இவர் முதல்ல தேத்தண்ணி குடுத்து, பிறகு அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாதாம் எண்டு மெல்ல மெல்ல அவிட்டார். உடன தமக்கைக்கு ரெலிபோன் கோல் எடுத்தான். தாய் இரவே செத்துப்போனாவாம். எப்ப செய்தி வந்தது எண்டு கேட்டான். நீ மண்டபத்துக்கு வெளிக்கிட்டாப்பிறகு எண்டார் இவர். நானும் தலையாட்டினன்.

அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தின்னுது. செத்தவீட்டில தமக்கைக்கும் கோல் எடுத்த நேரம் ஞாபகமில்லையாம். போயிட்டு வந்தவன் பாடுறதில்லை. பாடப் போயிருக்காட்டி அந்தக் கோலில அம்மாவோடை கதைச்சிருப்பன், பாட்டாலதான் அம்மாவை விட்டனான் எண்டு ஒரே கதை. கொம்பனிக்காரரையும் வேண்டாம் எண்டிட்டான். இவரோடை சென்ட் லோரன்டில ஒரு பக்ரரிக்குப் பெட்டி அடுக்கப் போகத் தொடங்கினான். பாவம், எல்லாம் மறந்திடுவான் எண்டு இவர் சமாதானம் சொல்லுறார். எனக்கெண்டால் சோறு இறங்குதில்லை.

நேற்றுப் பின்னேரம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரஷாந்தினி வைச்சிருக்கட்டும், எனக்கினி வேண்டாம் எண்டான். இனியும் வாய் திறக்காட்டி நான் மனுசியே இல்லை.

"தம்பி, கோல் மத்தியானம் வந்தது. நீ மேல பாட்டுப் பழகிக்கொண்டு இருந்தனி. எனக்குக் கேட்டது."

அவன் அப்பிடியே கதிரையில இருந்திட்டான். பிறகு, இவருக்குக்கூடச் சொல்லாததையும் சொன்னன். அண்டைக்குத் திரும்பி வந்து நான் ரிசீவரை எடுக்கேக்க, தமக்கை அதைத் தாயின்ரை காதில வைச்சுப்போட்டு அறைக்கு வெளியால போயிட்டா போல. என்ரை மூச்சை மகன்ரை மூச்சு எண்டு நினைச்சுத் தாய் கதைக்கத் தொடங்கிட்டா. நான் வாயே திறக்கேல்லை. கனநேரம் கதைச்சவ. பிறகுதான் தமக்கை திரும்பி வந்து வாங்கினவ.

"அம்மா என்ன சொன்னவ?"

"எனக்கு உங்கடை பாஷை விளங்காதே, தம்பி."

"அழுதவவோ?"

"இல்லை. இடையில ஒருக்காச் சிரிச்சவ."

"எதுக்குச் சிரிச்சவ?"

என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமெண்டாலும் இருப்பான் போல கிடந்தது. பேந்து எழும்பி, கிற்றாரையும் எடுத்துக்கொண்டு மேல போயிட்டான். இனிப் பாடுவான் எண்டுதான் நினைக்கிறன். எங்களோடை கதைக்காட்டிலும் பரவாயில்லை. அந்த மனுசி மகனுக்கெண்டு கடைசியாச் சொன்னது முழுக்க என்ரை காதிலதான் விழுந்தது, அதில ஒரு சொல்லையும் எடுத்துக் குடுக்க என்னால ஏலாது.