நாலரை நூல் ஸ்பனர்

சுனாமி அடித்து மூன்றாம் மாதம். கல்குடாக் கிணறுகளில் புகுந்த உப்புத் தண்ணீரை இறைக்க வெளிநாட்டுக்காரர் கொடுத்த பம்ப், இரண்டாவது கிணற்றிலேயே மணல் அடைத்து நின்றுவிட்டது. மூடியைக் கழற்றித் துடைத்தால் போதும். ஆனால் அதன் நாலு நட்டும் கேதீஸ்வரிக்கு மசியவில்லை. சைக்கிள் திருத்தும் கடை நடத்தியவள் அவள். கடையைக் கடல் கொண்டுபோக, மணலைக் கிண்டி எடுத்த ஸ்பனர்கள்தான் மிச்சம். பதினாலாம் நம்பர் ஸ்பனர் நட்டில் ஏற மறுத்தது. பதினைந்து போட்டால் வழுக்கியது.

"தள்ளுகா, பைப் ரெஞ்சால ஒரு முறுக்கு முறுக்கிறன்" என்று வந்தான் பக்கத்துக் கூடாரத்து ரதீஸ்.

"ரெஞ்சுட பல்லுப் பட்டா நட்டு உருண்டையாப் போயிரும். பிறகு ஒருத்தராலயும் கழட்ட ஏலா. இது மில்லிமீற்றர் இல்ல, இஞ்சிக் கணக்கு."

அங்குலக் கணக்கு ஸ்பனர் ஓட்டமாவடியில் பழைய உழவு மெஷின் திருத்தும், அவள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் ஆதம்பாவாவிடம் இருந்தது. அங்கே போகத்தான் அவளுக்குக் கூசியது. அலை வந்த அன்று அவருடைய சைக்கிளும் அவள் கடையில் திருத்தக் கிடந்தது. அன்றிலிருந்து அவர் தெருப் பக்கமே அவள் போனதில்லை. இன்று ரதீஸின் சைக்கிளை வாங்கி மிதித்தாள்.

அவளைக் கண்டதும் ஆதம்பாவா எழுந்துவிட்டார்.

"கேதீசு! உசிரோட இரிக்கியா புள்ள? கடையோட போயிட்டாய் எண்டானுகளே!"

"நான் இரிக்கன் காக்கா. உங்கட சைக்கிள்தான்..."

"அதுக்குப் பிரேக்கும் இல்ல, பெல்லும் இல்ல. கடல் ஓட்டிப் பாக்கட்டும். வந்த அலுவலச் சொல்லு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நட்டின் கதையைச் சொன்னாள். அவர் பெட்டியைக் கிளறி, அரை அங்குலத்துக்கு அரை நூல் கூடிய ரிங் ஸ்பனர் ஒன்றை எடுத்துச் சாரத்து மடியில் செருகினார். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல்.

"நாலரை நூல். இதாத்தான் இரிக்கும். நட, நானும் வாறன்."

அவள் மிதிக்க, அந்தப் பெரிய உடம்பு பின்னால் ஏறி உட்கார, வழிநெடுகச் சனம் நின்று பார்த்தது.

ஸ்பனர் நட்டில் கச்சிதமாக விழுந்தது. "நீயே கழட்டு" என்றார் அவர். கேதீஸ்வரி முழுப் பலத்தையும் போட்டு அழுத்தினாள். கிறீச்சென்று முதல் நட்டு இளகியது. நாலும் கழன்றதும் உள்ளே ஈர மணல். அதற்குள்ளிருந்து ஒரு குட்டி நண்டு பக்கவாட்டில் ஓடியது.

"எஞ்சினியர் உள்ளதான் இரிந்திருக்கார்!" என்றான் ரதீஸ். கிணற்றடி முழுதும் சிரித்தது.

மணலைத் துடைத்து மூடியைப் பூட்டி, பொழுது சாய்வதற்குள் மூன்று கிணறு இறைத்தார்கள். மூன்றாவதில் ஊறிய தண்ணீரை அந்தக் கிணற்றுக்காரி கண்ணகை அக்கா நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னும் கரிக்குது. ஆனா நேத்தையப்போல இல்ல."