ஒச்சம்மாவின் மாத்திரை

ஒச்சம்மா கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நரம்பு பிடிபடவில்லை. முன்பெல்லாம் நான் ஊசியை எடுத்தால், "நல்லா இழு புள்ள, கெட்ட ரத்தந்தானே, யாருக்கு வேணும்" என்று சிரிப்பாள். இன்று பேச்சே இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. அவள் புருஷன் முருகையா போன மாதம் இறந்துபோன செய்தியைக் கட்சால் தீவின் ஜெட்டியில் இறங்கியதுமே யாரோ சொல்லிவிட்டார்கள். ஐஸ் பெட்டியோடு அந்த வீட்டுக்குள் நுழையவே எனக்குக் கூச்சமாக இருந்தது. துக்க வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பகுதியில், எங்கள் வீடு. கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி கிருமியைப் பற்றிய ஆய்வு ஒன்றில் எனக்கு வேலை. வேலையின் பெயர் பெரியது. செய்வதென்னவோ ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் கப்பலாக ஏறி இறங்குவதுதான். கட்சாலில் ரப்பர் பால் வெட்டுவதற்காக இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பலருக்கு அந்தக் கிருமி இருந்தது. எங்கே ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஊசி குத்தினால்தான் வைத்தியம் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், கொதிக்க வைத்த ஊசி எது, வைக்காதது எது என்று யார் பார்த்தார்கள்? இப்போது அதற்கு நல்ல மருந்து வந்துவிட்டது. தினம் ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம். பிறகு அதே அளவு காலம் பொறுத்திருந்து ரத்தம் பார்த்தால், அநேகமாக எல்லோருக்கும் கிருமி போயிருக்கும்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கிருமி இருந்தது. ஒச்சம்மாவை ஆய்வில் சேர்த்துக்கொண்டோம். முருகையாவைச் சேர்க்க முடியவில்லை. அவருக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தது. அந்த நிலையில் இருப்பவருக்குக் கூடுதல் காலம் மருந்து கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னைக்குப் போங்கள், ஏற்பாடு செய்து தருகிறோம், இந்த மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கித் தின்றுவிடாதீர்கள் என்று ஆய்வை நடத்தும் டாக்டர் சிவஞானம் தலைபாடாக அடித்துக்கொண்டார். முருகையா அசையவில்லை. தீவுக்குத் தீவு ஓடும் கப்பல் அவருக்கு பஸ் மாதிரி. மெயின்லேண்ட் கப்பல் என்றால்தான் முகம் மாறிவிடும்.

"தலைமன்னார்ல ஜஹாஸ் ஏறுனோம், அந்தப் பக்கம் திரும்பிப் போகல. மெட்ராஸ்ல ஏறுனோம், அங்கயும் திரும்பிப் போகல. நமக்கு பெரிய ஜஹாஸ்னா போறது மட்டுந்தான் மேடம். வர்றது கெடையாது" என்றார்.

இது அவர் ஒருவரின் பிடிவாதமில்லை. அந்தக் குடியிருப்பில் வயதான யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அவரவர் ஜாதகத்தில் எழுதியிருப்பதுபோல அவ்வளவு உறுதி. சுனாமி வந்தபோதுகூட மெயின்லேண்டுக்குப் போகாமல் தகர ஷெல்டரில் கிடந்தவர்கள் அவர்கள். நானும் மூன்று தடவை கப்பலேறி வந்து கெஞ்சிப் பார்த்தேன். சாகிறதென்றால் கட்சாலில் சாகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மாத்திரை பாதி முடிந்த சமயத்தில் ஒருமுறை நான் போயிருந்தபோது, முருகையா வாசலில் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது. "மாத்திரை தின்னுறது இவங்க, தெம்பு வர்றது உங்களுக்கா?" என்று கிண்டல் செய்தேன். இருவரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எல்லாம் முடிந்து, காத்திருந்து பார்த்ததில், ஒச்சம்மாவின் ரத்தத்தில் கிருமி முன்பு இருந்த அளவுக்கே இருந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை. டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. வலையில் பெரிய மீன் விழுந்த ஆள்போல இருந்தார். அகிலா, இது மருந்துக்கு அசராத ரகம், இந்தத் தீவுகளில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, இன்னொரு முறை ரத்தம் எடுத்து வாருங்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ரகத்துக்கு வேறு மருந்து மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், மாதக்கணக்காகும். ஒச்சம்மாவின் கல்லீரலும் இறுக ஆரம்பித்திருந்தது. அவள் எத்தனை மாதம் தாங்குவாள் என்ற பயத்தோடுதான் நான் கப்பலேறினேன்.

இரண்டாவது குத்தில் நரம்பு கிடைத்தது. ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். மருந்து கேட்கவில்லை அக்கா, வேறு மருந்து வரவழைக்க வேண்டும், நாளாகும் என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் முழுங்கல புள்ள."

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"எல்லாம் அவருக்குத்தான். எனக்கு வயிறு நல்லாத்தானே இருந்துச்சு? அவருக்குத்தானே அவசரம்? தோட்டத்துல யார் பேருக்கு அரிசி போட்டா என்னா, பசிச்சவன்தானே திம்பான்."

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முதலில் முருகையா மறுத்தாராம். நீ தின்னாவிட்டால் நானும் தின்ன மாட்டேன், கடலில் கொட்டிவிடுவேன் என்று இவள் மிரட்டியிருக்கிறாள். சாப்பிடச் சாப்பிட அவருக்குப் பசி எடுத்திருக்கிறது. ரப்பர் மரத்தடி வரை நடந்து போய்ப் பால் சிரட்டைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மாத்திரை தீர்ந்து சில மாதங்கள் ஆனபின், ஒரு விடியற்காலையில் வாயும் மூக்குமாக ரத்தம். போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"டாக்டரு குடுக்கக் கூடாதுன்னாரு. நான் குடுத்தேன். அந்தத் தவாய், அந்த மாத்திரதான் அவரைக் கொன்னுச்சா?"

இதைக் கேட்கத்தான் அவள் ஒரு மாதமாகக் காத்திருந்திருக்கிறாள். ஊரில் யாரிடம் கேட்பாள்? வேறு தீவில், ஹட் பேயில் இருக்கும் மகன் சிவபிரகாஷுக்குத் தெரிந்தால் அப்பாவைக் கொன்றவள் என்பான் என்ற பயம் வேறு. இல்லை அக்கா என்றேன். கல்லீரல் இறுகினால் தொண்டைக்குக் கீழே ரத்தக்குழாய் புடைத்து என்றைக்காவது வெடித்துவிடும், மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். சென்னைக்குப் போயிருந்தால் அந்தக் குழாயைக் கட்டி வைத்திருப்பார்கள் என்பதும் உண்மைதான். அதை விழுங்கிக்கொண்டேன்.

அவள் கையிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப அவரு ரத்தம் சுத்தமாயிருச்சா?" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்றுதான் இந்த வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். தெரியாது அக்கா, யாரும் பார்க்கவில்லை என்றேன்.

"போன தடவ நீ ரத்தம் எடுக்கயில பக்கத்துலதானே உக்காந்திருந்தாரு. அவரு கையிலயும் ஒரு ஊசி குத்திப் பாத்திருக்கலாம்ல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கடைக்குப் போன இடத்தில் உப்பு வாங்க மறந்ததைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள்தான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மகனிடம் சொல்வதில்லை, டாக்டரிடம் மட்டும் சொல்வது என்று பேசிக்கொண்டோம். போர்ட் பிளேருக்குத் திரும்பி டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பெரிய மீன் வலையைவிட்டுப் போய்விட்டது. இருந்தாலும் மனிதர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அப்படியென்றால் பழைய மாத்திரையே போதும், அது அவளைக் காப்பாற்றும், அடுத்த கப்பலிலேயே கொண்டுபோங்கள் என்றார். முதல் மாத்திரையை மட்டும் உங்கள் கண் முன்னால் விழுங்கச் சொல்லுங்கள் என்றார்.

அடுத்த கப்பலில் கடல் மோசமாக இருந்தது. தலைசுற்றலோடுதான் போய்ச் சேர்ந்தேன். ஒச்சம்மா இன்னும் இளைத்திருந்தாள். மாத்திரையை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வெளியே யாரோ ஹிந்தியில் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு எதுக்கு புள்ள" என்று ஒருமுறை கேட்டாள். நான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது.

"அவரு ஏமாத்துவாரு. நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பி, எனக்குன்னு எடுத்து வைப்பாரு. தெனம் வாயத் தெறக்கச் சொல்லித்தான் பாப்பேன்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுப்பக்கம் ஓடியது. நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. சரி, போதும் என்று நான்தான் சொல்ல வேண்டும். அவள் திறந்த வாயை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.