உப்புக் காணாது

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் அடுத்த மேசையிலிருந்து எடுத்தேன்.

போன ஆவணியில் வவுனியாவுக்குப் போகவேண்டிய பஸ்ஸைப் பரந்தன் சந்தியில் தவறவிட்டேன். அந்த எரிச்சலோடு அங்கிருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, கொத்துறொட்டி ஒன்று சொல்லிவிட்டுக் குந்தியிருந்தேன். பக்கத்து மேசையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தனியாக. மெனு அட்டையில் ஒரு படத்தைத் தொட்டு, "இதில ரெண்டு" என்றாள். படத்தில் இருந்தது நாசி கோரெங். சோற்றுக்கு மேல் முட்டையைப் பொரித்துக் கவிழ்த்துவிட்டு எங்கள் கடைக்காரர் அந்தப் பெயரால் விற்கும் சாப்பாடு. இந்தோனேசியாக்காரர் கண்டால் அடையாளம் பிடிக்கமாட்டார்.

ஒரு சாப்பாட்டுக் கோப்பையைத் தன் முன்னால் வைக்கச் சொன்னாள். மற்றதை எதிரே இருந்த வெறுங் கதிரைக்கு முன்னால். தன்னுடையதை ஒவ்வொரு வாயாக, என்ன போட்டிருக்கிறது என்று யோசித்து யோசித்துச் சாப்பிட்டாள். மற்றதைத் தொடவில்லை. கடைசியில் அதைப் பார்சல் கட்டச் சொன்னாள்.

எனக்கு மனம் துள்ளியது. இரங்கவில்லை, துள்ளியது. கொத்து ஆறுவதற்குள் கைபேசியில் நான்கு வரி எழுதிவிட்டேன்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் இவை. வெட்கத்தோடு அப்படியே வைக்கிறேன்.

"வராத கணவனுக்காக அவள் தினமும்..." இல்லை. கணவர் ஏரம்பு அந்த நேரம் தர்மபுரத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"தனிமை என்பது எதிரே இருக்கும் கதிரை..." தூ.

"போர் தின்ற மண்ணில் ஒரு தாய்..." இதை எழுதிய விரலை முறிக்கவேண்டும்.

ஆகவே எழும்பிப் போய்க் கேட்டேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. மற்றச் சாப்பாடு ஆருக்கு?"

"மகனுக்கு. இண்டைக்கு அவன்ர பிறந்தநாள்."

"அவர் வரேல்லையோ?"

"இன்னும் வரேல்லை" என்றாள், அவன் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதைப் போல.

(நேரில் 'அக்கா' என்கிறேன், கதையில் 'அவள்' என்கிறேன். கதைக்குள் வந்தவுடன் மனிதருக்கு மரியாதை குறைந்துவிடுகிறது.)

3

அவள் பெயர் விமலேஸ்வரி. மகன் விதுசன். 2009 சித்திரையில், சண்டைக்குள்ளிருந்து சனம் கடந்துவந்த ஓரிடத்தில், பெடியன்களைப் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்றார்கள். அவனுக்குப் பதினைந்து வயது. அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வரி எழுதினால் அது என் கற்பனையாகிவிடும்.

ஏன் கடைக்குப் போகிறாள் என்பதைத்தான் நான் பலமுறை பிழையாக எழுதினேன். அவள் துக்கம் கொண்டாடப் போவதில்லை, படிக்கப் போகிறாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சமைக்க அவளுக்குத் தெரியும். ஆனால் வரப்போகிறவனுக்கு முப்பத்திரண்டு வயது. இந்தக் காலத்து ஆம்பிளை அவன், புட்டும் சம்பலும் போதும் என்பானா? அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, அவன் பிறந்தநாளில், புதிதாக ஒரு கடைக்குப் போய் இரண்டு சாப்பாடு சொல்கிறாள். ஒன்றைத் தான் தின்று பார்க்கிறாள். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியில் விரித்து, பிரித்து, மணந்து பார்த்து, யூரியூப்பில் சரிபார்த்து, அடுத்த கிழமை தானே சமைக்கிறாள். வவுனியாவில் முஸ்லிம் கடைப் புரியாணி, கிளிநொச்சியில் சில்லி சிக்கன், புளியங்குளத்தில் நூடில்ஸ், ஒரு வருடம் பாஸ்ரா. ஏரம்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். ஊர் உலகமெல்லாம் அந்த மனிதர் வயிற்றில்.

தொடக்கம் எது என்றும் சொன்னாள். சமாதான காலத்தில் ஏரம்பு விதுசனைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய் பிறைட் றைஸ் வாங்கிக் கொடுத்தார். அடுத்தநாள் அதே வேண்டுமென்று வீட்டில் அடம். அவளுக்கு என்ன தெரியும்? மிஞ்சிய குத்தரிசிச் சோற்றை வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு, "கடையில மாதிரி இல்லை அம்மா. உப்புக் காணாது, இன்னும் போடுங்கோ" என்றான். அவள் அகப்பைக் காம்பால் ஒரு போடு போட்டாள்.

அந்த அடியை அவள் இரண்டு தரம் சொன்னாள். நான் ஒரு தரம்தான் எழுதியிருக்கிறேன்.

4

கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே. மகள் லக்சிகாவை அதற்குப் பிடித்தேன். இருபத்தேழு வயது, முன்பள்ளி ஆசிரியை. சஜீவன் என்பவனோடு கல்யாணம் பேசியிருந்தது. சஜீவனின் பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டா. "அந்தப் பிள்ளையின்ர காரியம் செய்து முடியுங்கோ. காரியம் முடியாத வீட்டில தாலி ஏறக் கூடாது." ஐயரும் ஓம் என்றார். கிரியை செய்து, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்துவிட்டால் சரி.

லக்சிகா சம்மதித்தாள். நானும் அவளைக் கல்நெஞ்சுக்காரியாக மூன்று பக்கம் எழுதினேன். பிறகு ஒருநாள் கதை கேட்கப் போனபோது வீட்டு முற்றத்தில் அவள் என்னிடம் கேட்டாள்.

"எங்கட அம்மாவைப் பற்றி எழுதிறியளாம். என்ர பிறந்தநாள் எப்பவெண்டு அவாவைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"பதினைஞ்சு வருசமா அண்ணாவுக்கு ரெண்டு கோப்பை. எனக்கு ஒரு நாளும் ஒரு கடையில ஒரு கோப்பை வச்சதில்லை. நான் இருக்கிறன் தானே. இருக்கிற ஆக்கள் இருக்கிறதைத் தின்னலாம்."

அந்த மூன்று பக்கத்தையும் கிழித்தேன். இப்போது இந்தக் கதையில் கெட்டவர் என்று கைகாட்ட வீட்டுக்குள் ஒருவருமில்லை. பஸ்ஸில் ஏற்றியவர்களுக்கு இந்தக் கதையில் பெயர்கூட இல்லை, அவர்கள் எங்கோ நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

ஏரம்புவையும் கோழை என்று எழுதியிருந்தேன். அவர் மனைவிக்குச் சொன்னதைக் கேட்டபிறகு அதையும் வெட்டினேன். "இஞ்சேர், செத்திருந்தானெண்டால் பதினாறு வருசமாப் பசியோட வாசல் படலையில நிக்கிறான். ஒருக்காச் சாப்பாடு குடுத்து அனுப்புவம்."

அவள் எழும்பினாள். அரிசி களையப் போனாள். அதைச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

5

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. என்னையும் காரியத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் கதிரையைக் குசினி வாசல் தெரியும்படி இழுத்துப்போட்டுக்கொண்டேன். (புத்தி போகுமா?)

படையல் சமையலுக்கு ஒரு கட்டு உண்டு. சமைக்கிறவர் உப்புப் பார்க்கக் கூடாது. போனவர் வாயில் படுவதற்கு முன் இருப்பவர் வாயில் பட்டால் படையல் எச்சில். கையை நம்பிப் போடவேண்டியதுதான், கூடினாலும் குறைந்தாலும் போனவர் குறை சொல்லமாட்டார்.

ஆட்டிறைச்சிக் கறி, மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, எல்லாம் அவள் அப்படியே சமைத்தாள். முன்னறையில் விதுசனின் பள்ளிக்கூடப் படம், அதற்கு முன்னால் தலைவாழை இலை, இறைச்சி, மீன் மணத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஐயர். கடைசியாகப் பெரிய தாச்சியில் பிறைட் றைஸ். லக்சிகாதான் அதைச் சொன்னவள். "அண்ணா ஒருக்கா ஆசைப்பட்டவர் தானே அம்மா."

விமலேஸ்வரி உப்பைப் போட்டாள். கிளறினாள். நின்றாள். பிறகு அகப்பை நுனியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, உள்ளங்கையில் போட்டு, வாயில் வைத்தாள்.

சஜீவனின் பெரியம்மா கண்டுவிட்டா. "ஐயோ, என்ன செய்யிறியள்! உப்புப் பாக்கக் கூடாது!"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"உப்புக் காணாதெண்டு சொன்ன பிள்ளை அவன்" என்றாள். "அதுக்கு நான் அடிச்சனான். இனியும் பாக்காமல் எப்பிடிக் குடுக்கிறது?"

ஏரம்பு எழும்பி வெளியே போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ. படலை திறக்கிறது. முப்பத்திரண்டு வயதில் ஒருவன்... (இதை எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவள் வாசித்துவிட்டு ஓடிப்போய் வாசலைப் பார்ப்பாள்.)

ஆ. அவள் கை கழுவிவிட்டு, புதிதாக உலையேற்றி, உப்புப் பார்க்காமல் சமைக்கிறாள். படைக்கிறார்கள். தையில் கல்யாணம். (ஆக, அவனைக் கொன்றது நான்.)

இ. ஒன்றும் சொல்லாமல் விடுவது. எங்கள் இலக்கியக் கூட்டங்களில் இதற்குத்தான் கைதட்டு. முடிவைத் திறந்து விட்டிருக்கிறார், அருமை என்பார்கள். பதினாறு வருடமாக அந்த வீட்டில் திறந்துதான் கிடக்கிறது. ஒருவரும் கைதட்டவில்லை. கதை எழுதுவதாக அவளிடம் முதன்முதலில் சொன்னபோது அவள் கேட்டது இவ்வளவுதான்.

"முடிவு தெரியுமோ தம்பி?"

"இன்னும் இல்லை அக்கா."

"தெரியாமல் உங்களுக்கு நித்திரை வருதோ?"

வருகிறது. அதுதான் எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம்.

7

நடந்ததில் மிச்சம் இதுதான். சத்தம் கேட்டு லக்சிகா குசினி வாசலுக்கு வந்தாள். தாய் அவளைப் பார்த்தாள். அகப்பையில் இருந்ததில் இன்னும் கொஞ்சம் உள்ளங்கையில் போட்டு மகளிடம் நீட்டினாள்.

"நீ பார் பிள்ளை. எனக்கு இப்ப உப்பு விளங்குதில்லை. காணுமோ?"

அந்தக் கையில் இருந்து ஒரு பருக்கை தின்றால் லக்சிகாவும் படையலைக் கெடுத்தவள். அண்ணன் சாகவில்லை, கல்யாணம் இல்லை. தின்னாமல் திரும்பினால் புதிதாக உலையேற்றிப் படைக்கலாம், கல்யாணம் உண்டு, அண்ணன் இல்லை. தாய் அவளுக்கென்று ஒரு சாப்பாட்டை நீட்டிக் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தரம்.

அவள் என்ன செய்தாள் என்று நான் கண்டேன். எழுதமாட்டேன். இவ்வளவு தூரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நீங்கள், நான் பக்கத்து மேசையில் இருந்ததுபோல. எழும்புங்கள். என் கதிரையில் இருந்தது போதும், வாசலுக்கு வாருங்கள். சஜீவனின் பெரியம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறா. ஏரம்பு படலையில் நிற்கிறார். விமலேஸ்வரியின் கை உங்களுக்கு முன்னால் நீண்டிருக்கிறது, சோறு ஆறுகிறது.

பார்த்துச் சொல்லுங்கள். உப்புக் காணுமா?