பாகம் செய்தவர்களுக்கும்

லண்டனில் சட்டம் படித்த மார்த்தா வந்து சேர்ந்ததிலிருந்து செல்வநாயகிக்கு வேலையே கசந்தது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுப் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. சட்டப் பிரிவு மட்டும் ஜார்ஜ் டவுனில், பீச் ஸ்ட்ரீட் மாடியொன்றில் இருந்தது. முன்பெல்லாம் எந்த ஒப்பந்தமானாலும் மேலாளர் நூர் முகம்மது செல்வநாயகியைத்தான் கூப்பிடுவார். இப்போது அவளிடமே, "மார்த்தா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று காசுக்கு ராக்கெட் விட்டது. அந்த ராக்கெட்டுக்குச் சிறு பாகம் செய்துதரும் ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். பாராட்டு மார்த்தாவுக்குப் போனது.

மறு வருடம் அந்த ராக்கெட் வழி தவறி, ஏற்றிப்போன செயற்கைக்கோளோடு கடலில் விழுந்தது. கோளாறு பினாங்கில் செய்த பாகத்தில்தான் என்று செயற்கைக்கோள்காரர்கள் வழக்குப் போடப்போவதாக ஃபேக்ஸ் அனுப்பினார்கள். கம்பெனியை விற்றாலும் ஈடுகட்ட முடியாது.

"இந்த ஒப்பந்தத்த யார் எழுதுனது?" என்றார் நூர் முகம்மது.

செல்வநாயகி யோசிக்கவேயில்லை. "முழுக்க மார்த்தாதான் சார். நான் தொடவே இல்லலா."

மார்த்தா அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தை மேசைமேல் வைத்தாள்.

"பயப்பட வேணாம் சார். ராக்கெட் விடறதுல சேர்ந்தவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போடக்கூடாது. அவங்கவங்க நஷ்டம் அவங்கவங்களுக்கு. செயற்கைக்கோள்காரங்களும் இதுக்குச் சைன் பண்ணியிருக்காங்க. பாகம் செஞ்சவங்களுக்கும் பொருந்தும்னு இந்த வரி சொல்லுது."

செல்வநாயகி அந்த வரியை அடையாளம் கண்டுகொண்டாள். முதலில் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்த பாதுகாப்பு அது. தொலைபேசியில் சண்டை பிடித்து அந்த வரியைச் சேர்க்கவைத்தவள் செல்வநாயகிதான்.

"இந்த வரி அக்கா சேர்த்தது சார்," என்றாள் மார்த்தா.

நூர் முகம்மது சிரித்தார். "நீங்க விட்டுக்கொடுக்கறீங்க. தொடவே இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்களே."

செல்வநாயகி வாய் திறக்கவில்லை. திறந்தால், முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்.

வழக்கு வரவில்லை. மார்த்தா சட்டப் பிரிவுத் தலைவியானாள். அதன் பிறகும் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு செல்வநாயகியின் மேசைக்கு வந்து, "அக்கா, கொஞ்சம் பாருங்களேன்," என்பாள். அன்று நடந்ததை அவள் ஒருநாளும் எடுத்துப் பேசவில்லை. கத்தியிருந்தாலாவது செல்வநாயகி பதிலுக்குக் கத்தியிருப்பாள். மார்த்தாவின் அந்த மரியாதைதான், கைநழுவிய பதவியைவிட அதிகமாக அவளை எரித்தது.