மங்களம் அக்காவின் குரல்

"கருவாட்டு நாத்தம் தாங்க முடியல! உங்க ஊருக்கே திரும்பிப் போங்க லா!"

மங்களம் அக்கா போட்ட சத்தத்தில் சிங்கப்பூர் செம்பவாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கே விழித்துக்கொண்டது. எதிர்வீட்டு வாசலில் நிரஞ்சனா கரண்டியும் கையுமாக நின்றாள். புருஷன் பிரேமுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. புதுக்கோட்டையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழம தேக்கா மார்க்கெட்ல நீங்களும்தானே கருவாடு வாங்குனீங்க?"

"நான் சிங்கப்பூர்க்காரி டீ!"

அதாவது, சிங்கப்பூர்க்காரி பொரித்தால் மணக்கும். அக்காவின் தாத்தாவும் அதே புதுக்கோட்டையிலிருந்து கப்பலேறி வந்து கடற்படைத் தளத்தில் பெயின்ட் அடித்தவர்தான். நான் அதை நினைவூட்டவில்லை. கதவிடுக்கில் நின்று கேட்பவளுக்கு எதற்கு வம்பு?

நிரஞ்சனாவின் வாடகை வீட்டு ஓனர் தங்கராஜுவுக்கு அக்கா ஓயாமல் போன் போட்டாள். மாதக் கடைசியில் நிரஞ்சனா வயிற்றில் பிள்ளையோடு பெட்டி கட்டினாள்.

ஒரு காலை, மார்க்கெட் போக நானும் அக்காவும் லிஃப்டுக்கு நின்றிருந்தோம். பூட்டிய அந்த வீட்டுக்குள்ளிருந்து கேட்டது: "உங்க ஊருக்கே திரும்பிப் போங்க லா!"

அக்காவின் குரல். அந்த இழுவைகூட அப்படியே. அக்காவோ என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் தினமும். வீடு பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். கீழ்வீட்டு நூருன்னிசா அக்காவிடம்தான் சண்டைக்கு வந்தாள்: "காலங்காத்தால ஏன் கத்துறீங்க? பிள்ள பயந்து அழுவுது."

கடைசியில் தங்கராஜு, புதுக்குடி போகும்போது செய்வதுபோல், அங்கே பால் காய்ச்சினார். நாங்கள் நாலைந்து பேர் போயிருந்தோம். பால் நன்றாகத்தான் பொங்கியது. அக்கா டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். அவள் முதுகுக்குப் பின்னால், காலி அறையிலிருந்து, காதோடு சொல்வதுபோல: "திரும்பிப் போங்க லா..."

டம்ளர் விழுந்தது. நாங்கள் எல்லாரும் ஓரடி தள்ளி நின்றோம், அக்காவை விட்டு. அன்றிலிருந்து அவளோடு லிஃப்டில் ஏற ஆளில்லை.

தீவின் அந்தக் கோடியில், ஜூரோங்கில், நிரஞ்சனாவுக்குப் பெண் பிறந்தது. அங்கேயும் கருவாடு பொரிக்கிறாளாம். அக்கா மகன் ஜெய்க்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை கிடைத்தது. செரினா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். அக்காவும் வீட்டை விற்றுவிட்டு அவர்களோடு கிளம்பிவிட்டாள்.

போன வாரம் போன் செய்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரன் வேலியோரம் நின்னு தினமும் கத்துறான் டீ."

"என்னன்னு கத்துறான்க்கா?"

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே, பூட்டிய அந்த வீட்டுக்குள்ளிருந்து அவள் குரலே கத்திக்கொண்டிருந்தது.