ஜோயலின் ஈசிஜி

பிணவறை வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிருபாகரன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது டாக்டர் அவனை நிறுத்தினார். நேற்று சாயங்காலம் செய்யூர் கபடிப் போட்டியில், பாடிக்கொண்டே எதிரணிக் களத்துக்குள் போன தம்பி ஜோயல், யாரும் தொடாமலே விழுந்தான். எழுந்திருக்கவில்லை. வயது இருபத்திரண்டு.

"இதயம் பெருசா இருக்கு. பயிற்சியாலயும் ஆகலாம், பரம்பரை நோயாலயும் ஆகலாம். பரம்பரைன்னா கூடப்பொறந்தவங்களுக்கும் இருக்கும். முன்னாடி ஏதாவது டெஸ்ட் எடுத்திருக்கா?"

கோச் வாசுதேவன் பையிலிருந்து ஃபைலை எடுத்தார். "போன வருசம் எடுத்தோம் சார். ஈசிஜி நார்மல்னுதான் போட்டுகீது."

டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கே. அப்ப பரம்பரையா இருக்க வாய்ப்பு கம்மி. எதுக்கும் இதயத் தசைய லேபுக்கு அனுப்பியிருக்கோம், ரிப்போர்ட் வர ஒரு மாசம் ஆகும்."

"அப்ப எம்பொண்ணு ஷாரோனுக்கு ஒண்ணும் இல்லியே சார்?" என்றாள் அம்மா ரெஜினா. "சனிக்கெழம செலக்‌ஷன் கீது. எண்ணூறு மீட்டரு ஓட்டம். ஜோயலுதான் பழக்கிவுட்டான்."

காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நம் ஊரில் காகிதத்துக்கு என்றைக்கும் நோய் வந்ததில்லை. போன வருசம், கபடிக்குக் கேட்ட உடல்தகுதிச் சான்றிதழுக்குக் கடைசி நாளன்று, நாவலூரில் நைட் ஷிப்ட் முடித்துவந்து ஜோயல் சுருண்டு படுத்திருந்தான். "எம்பேருல நீ போய் ஈசிஜிக்குப் படுத்துனு வாண்ணா, பேஜாரு பண்ணாத," என்றான். கிருபாகரன் போய்ப் படுத்தான். நெஞ்சில் வயர் ஒட்டியவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் தாளைப் பார்த்து, "உன் ஹார்ட்டு கபடிக்கு ஃபிட்டாமே!" என்று தம்பி சிரித்தான். இவனும்தான் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சொன்னால் அம்மா இனி முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் சனிக்கிழமை ஷாரோன் ஓடுவாள்.

"சார், அது தம்பிது இல்ல. என்னுது."

வாசுதேவன் ஃபைலை மெல்ல மூடினார். டாக்டர் ரெஜினாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சிக்கு நாளைக்கே எக்கோ ஸ்கேன் எடுக்கணும். நான் சொல்றவரைக்கும் ஓடக் கூடாது. வேகமா மாடிகூட ஏறக் கூடாது."

"நீயாடா போய் படுத்துகின?" என்றாள் ரெஜினா.

"ஆமாம்மா."

"அவன் போயிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

கிருபாகரன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் மூடிய ஃபைலைப் பார்த்தார். ரெஜினா பெஞ்சின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கதவு திறந்தது. வெள்ளைத் துணி சுற்றிய ஜோயலைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள். தூரத்தில் கேட்டருகே சொந்தக்காரர்களோடு நின்றிருந்த ஷாரோன் பார்த்துவிட்டாள். "அண்ணா!" என்று கூவிக்கொண்டு பாய்ந்து வந்தாள்.

"ஓடாத!"

அம்மாவும் மகனும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஷாரோன் ஒன்றும் புரியாமல் வெயிலில் அப்படியே நின்றாள். பிறகு தள்ளுவண்டியை நோக்கி ஒவ்வோர் அடியாக நடந்து வந்தாள்.